சமையல் சிஸ்டரை நான் காட்டிக்கொடுத்த ஆடி மாதம்

தோழிகளே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்த ஆடிக் காற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொடியில் காயப்போட்ட பாவாடைகள் தரைக்குச் சமமாக நீண்டு படபடக்கும். மதுக்கரைப் பக்கமிருந்து சிமென்ட் தூசு வந்து கொய்யா இலையில் படியும், தலைமுடியில் படியும், சோற்றில் படியும். மெல்லும்போது பல்லுக்கு நடுவில் நறநறவென்று கேட்கும். நான் நாற்பத்தேழாம் நம்பர் தட்டுக்காரி. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நம்பரைச் சொன்னால் தெரியும்.

எனக்குப் பதினொரு வயதான அந்த ஆடியில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தேன். தப்பான ஆளை. ஐம்பது வருஷம் கழித்து, போன மாதம், சரியான ஆளிடம் பழி தீர்த்துக்கொண்டேன். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

நம்மை வளர்த்த சபையின் வரலாறு நமக்குத் தலைகீழாகத் தெரியும். ஸ்தாபகர் நாள் வந்தால் அதையே நாடகமாகப் போடுவோம். கோயம்புத்தூரில் பிளேக் வந்து வீடு வீடாகப் பிணம் விழுந்த காலத்தில், கடல் தாண்டி வந்த ஒரு கன்னியாஸ்திரீ தெருவில் கிடந்த குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வார். அந்தக் குழந்தையோடுதான் முதல் இல்லம் தொடங்கியது என்று நாம் கோரஸாகச் சொல்லி முடிப்போம். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அதே காட்சியை வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். எனக்கு அடுத்த பாயில் படுப்பவள் சிவப்பாக இருந்ததால் அவள்தான் ஸ்தாபகத் தாய். நான் எலும்பும் தோலுமாக இருந்ததால் தொடர்ந்து மூன்று வருஷம் நான்தான் பிளேக் குழந்தை. சிமென்ட் தரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். வசனம் கிடையாது. அந்தக் குழந்தையைப் பெற்றவள் எங்கே போனாள் என்று நாடகத்தில் யாரும் கேட்டதில்லை. நம் இல்லத்தில் தாய் என்றால் செத்தவள். சாகாமல் இருந்தால் கெட்டவள்.

என் அம்மா சாகவில்லை. வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தாள். அப்பா மரம் விழுந்து செத்தபோது எனக்கு ஏழு வயது. கீழே போய் நாலு எழுத்துப் படிக்கட்டும் என்று அவளே என்னைக் கொண்டுவந்து விட்டாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவாள். கொண்டை ஊசி வளைவுகளில் வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு, அதற்காக எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். அவளைக் கட்டிக்கொண்டால் எலுமிச்சைத் தோலும் பச்சைத் தேயிலையும் கலந்த வாசனை அடிக்கும். விரல் நுனிகள் கறுத்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கறை போகாது.

அந்த வருஷம் மாசி மாதம் வந்தபோது, பையிலிருந்து ஒரு நூலை எடுத்து என் கையையும் மார்பையும் அளந்தாள்.

"கையை நல்லா நீட்டு கண்ணு. மேல ஊட்டுல குளுரு. பச்சை நெறத்துல ஒரு ஸ்வெட்டர் பின்னித் தரச் சொல்லப்போறேன். பரீட்சை முடிஞ்சதும் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"எப்பவும் அங்கேயேவா?"

"அங்கேயேதான். மதர் கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன், இரு."

மதரின் அறைக்குள் போனாள். அங்கே அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. நூலை மறந்து என் கையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மதரை நீங்கள் மறக்க முடியாது. உயரம், மெல்லிய உதடுகள், நடந்தால் சத்தமே வராத செருப்பு. அடித்ததே இல்லை. அடிக்கும் சிஸ்டர்களை நாம் அதே வாரம் மறந்துவிட்டோம். மதர் நம்மைப் பார்த்து, "பிள்ளைகளே, எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்பார். அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்காது.

பங்குனியில் அம்மா வரவில்லை. சித்திரையில் வரவில்லை. பரீட்சை முடிந்து, வீடு உள்ளவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, முன்வாசலை மறைத்த பார்லரின், வந்தவர்களைச் சந்திக்கும் அறையின், உள்கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முதல் ஞாயிறும் மதர் என்னிடம் நேரில் வந்து, தலையில் கை வைத்துச் சொல்வார்:

"உன் அம்மா இன்றைக்கும் வரவில்லை. நாம் அவளுக்காக ஜெபிப்போம்."

வைகாசியில் இன்னும் ஒன்று சேர்த்துச் சொன்னார். "அவளுக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, பிள்ளை. உன்னைப் பெற்றது நாங்கள்தான் என்று நினைத்துக்கொள்."

அன்றைக்கு நான் அழவில்லை. அந்த நூலை எடுத்து, துணி துவைக்கும் கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நைந்துபோகச் செய்தேன். என் அம்மாவைப் போல ஒரு நாளும் ஆகக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டேன். பதினொரு வயதில் எடுத்த சபதம் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஏழு வருஷம் தாக்குப்பிடித்தது.

அந்த ஞாயிறுகளில் என் தட்டில் ஒரு விஷயம் நடந்தது. சோற்றைப் பிசையக் கையை விட்டால், அடியில் ஒரு பிடி அவலும் வெல்லமும் இருக்கும். மற்றவர்கள் தட்டில் இருக்காது. நான் நிமிர்ந்து பார்த்தால் சமையல் சிஸ்டர் கரண்டியால் என் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"வேடிக்கை என்ன வேண்டிக் கெடக்குது? குனிஞ்சு தின்னு."

சமையல் சிஸ்டரை நினைவிருக்கிறதல்லவா? நல்ல தடிப்பு. அங்கியின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, அண்டாவைத் தனியாளாக இறக்குவார். பக்கத்துக் கிராமத்துக்காரர். சாமியார் வந்தால்கூட "ஏனுங்க சாமி, காப்பி குடிக்கிறீங்களா?" என்று அடுப்படியிலிருந்தே கூப்பிடுவார். மதருக்கு அது பிடிக்காது. நமக்கு அவரைப் பிடித்ததா? எனக்குப் பிடிக்கவில்லை. குரல் பெரிது, கை பெரிது, எதற்கெடுத்தாலும் அதட்டல். அந்த அவல் ஏதோ தவறுதலாக விழுந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆடி பிறந்து முதல் வாரம். காற்றில் விறகுக் கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து சாரல் உள்ளே அடித்ததால், ஈரம் படாத விறகாக எடுத்து வரும்படி என்னை அனுப்பினார்கள். மூலையில் அடுக்கை விலக்கினேன். பின்னால் ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் மேலாக இருந்தது பச்சை ஸ்வெட்டர்.

எடுத்து விரித்தேன். கையில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் சரியாக வந்தது. அடியில் இன்னும் என்னென்னவோ: ரோஜா நிற ரிப்பன், ஒரு ஜோடிக் கொலுசு, ஊறுகாய்ப் பாட்டில், துணியில் முடிந்த அவல். நடை சத்தம் கேட்டு, எல்லாவற்றையும் திணித்து மூடிவிட்டு விறகோடு வெளியே வந்தேன். எதிரில் சமையல் சிஸ்டர்.

"இத்தனை நேரமா? விறகை வெட்டியா எடுத்துட்டு வந்தே?"

அவருடைய பெரிய கைகளைப் பார்த்தேன். அம்மா தபாலில் அனுப்பியிருக்கிறாள், இந்தக் கைகள் அதை அமுக்கிக்கொண்டன. என் புத்திக்கு அதுதான் எட்டியது. அம்மா மேல் இருந்த கோபம் முழுவதும் அந்த நிமிஷமே இவர் மேல் திரும்பியது. சொல்லப்போனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெறுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

அடுத்த வாரம் தலைமை மடத்திலிருந்து பெரிய மதர் பார்வையிட வருவதாக இருந்தது. வெளிநாட்டுக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. நாம் சொல்வதை மதர்தான் ஆங்கிலத்தில் சொல்வார். அது எனக்குப் பிடிக்கவில்லை. நேராகப் போக வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த பாய்க்காரி ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்குபவள். நான் எதற்கென்று சொல்லாமலே அவளிடமிருந்து வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினேன்.

பெரிய மதர் வந்த அன்று காலையில் நம்மை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். பாட்டு, மாலை, மிட்டாய். கடைசியில் வழக்கம்போல, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பெரிய மதர் கேட்க, மதர் அதைத் தமிழில் சொன்னார். யாரும் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. நான் இரண்டடி முன்னால் வந்து நின்றேன்.

"மதர், கிச்சன் சிஸ்டர் ஸ்டீலிங் மை ஸ்வெட்டர். பாக்ஸ் இஸ் இன் தி உட் ரூம்."

பெரிய மதருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராலும் அதை மாற்றிச் சொல்ல முடியாது. டின்னை எடுத்துவரச் சொன்னார். மேசை மேல் கவிழ்த்தார்கள். ஸ்வெட்டர், ரிப்பன், கொலுசு, எல்லாம் விழுந்தன. கடைசியாக நீல இன்லண்ட் கடிதங்கள் ஒரு கட்டு. மேலாக இருந்த கடிதத்தில் என் பெயர் இருந்தது. நான் பார்த்தேன். மதரும் பார்த்தார். அந்தக் கட்டை எடுத்துத் தம் மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

சமையல் சிஸ்டர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் மாவு. என்னைத்தான் பார்த்தார்.

"கண்ணு, நீயா சொன்னே?"

பிள்ளைகள் வெளியே போகலாம் என்று மதர் சொல்லிவிட்டார். நான் மட்டும் சன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தேன். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் தெரிந்தது. சமையல் சிஸ்டர் கால்மணி நேரம் பேசினார். டின்னைக் காட்டினார், பின்வாசலைக் காட்டினார், நாம் நின்றிருந்த பக்கம் கையை நீட்டினார், மார்பில் அடித்துக்கொண்டார். அவர் பேசி முடித்ததும் மதர் பெரிய மதர் பக்கம் திரும்பினார். அவருடைய உதடுகள் ஒரே ஒரு வாக்கியம் அளவுக்கு அசைந்தன. பெரிய மதர் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை சமையல் சிஸ்டர் ஒரு தகரப் பெட்டியோடு ஜீப்பில் ஏறினார். பவானிப் பக்கம் ஓர் இல்லத்துக்கு மாற்றம் என்றார்கள். நீல இன்லண்டுகள் குளிக்கும் வெந்நீர் அடுப்பில் போனதாகப் பாத்திரம் கழுவும் பெண் சொன்னாள். ஸ்வெட்டர் என்னிடம் வரவில்லை. "நடந்ததை எல்லாம் நினைவுபடுத்தும் பொருள் உனக்கு வேண்டாம், பிள்ளை" என்றார் மதர். கிறிஸ்துமஸுக்கு அது பரிசுக் குவியலில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகள் பகுதியில் ஒருத்திக்குப் போனது. கையை மடித்துவிட்டு அவள் போட்டுக்கொண்டு திரிந்ததை இரண்டு மார்கழி பார்த்தேன்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. திருடியைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமைதான்.

பதினெட்டு வயதில் என்னை வெளியே அனுப்பினார்கள். கையெழுத்து நன்றாக இருந்ததால் டவுன்ஹால் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. வேலையில் சேரும் முன்பு, அம்மாவை ஒரு தடவை பார்த்து நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்று வால்பாறை பஸ் ஏறினேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்தவள் கிழவியாகியிருந்தாள். என்னைப் பார்த்து அவள் அழவில்லை. ஒதுங்கி நின்றாள்.

"நீதான் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டியே கண்ணு. இப்ப எதுக்கு வந்தே?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"மறுபடி கல்யாணம் கட்டுனதை மதர் கிட்டச் சொன்ன பொறவு நாலு வாட்டி வந்தேன். வாசல்லயே மதர் நிறுத்திப்போட்டாங்க. 'பிள்ளை உன்ற மூஞ்சியில முழிக்க மாட்டேங்குது, நீ ரெண்டாங்கட்டு கட்டிக்கிட்டது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னாங்க. கெஞ்சுனேன். அஞ்சாவது வாட்டி அவரையும் கூட்டிக்கிட்டு வந்தேன், நல்ல மனுசன்னு அவுங்களே பாத்துக்கிட்டும்னு. கதவையே தொறக்கல."

அவளே மெதுவாகக் கேட்டாள்:

"பின்வாசல்ல தடிச்ச சிஸ்டர் ஒருத்தங்க கிட்ட எல்லாத்தையும் குடுத்துட்டு வந்தேனே. தபால்ல போட்டா உன்ற கைக்கு வாரதில்லைன்னு லெட்டரைக்கூட அவுங்க கையிலதான் குடுத்தேன். நான் குடுத்த அவலைச் சோத்துக்கடியில வெச்சுத் தாரேன்னாங்க. தந்தாங்களா? ஸ்வெட்டரு உனக்குச் சரியா இருந்துச்சா?"

உள்ளே அடுப்பருகில் உட்கார்ந்திருந்த மனிதர், எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவர், எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு தூறலில் வெளியே போனார். நாங்கள் அழுது முடிக்கும் வரை திரும்பி வரவில்லை. நனைந்துபோய் வந்து, டீ போட்டு என் கையில் கொடுத்தார். எனக்குக் கெட்டவராகக் காட்டப்பட்ட மனிதர் அவர்தான். அன்றிலிருந்து அவர் சாகும் வரை சித்தப்பா என்று கூப்பிட்டேன்.

ஆனால் அம்மாவும் நானும் பழையபடி ஆகவே இல்லை. அவள் என்னிடம் பேசும்போது எப்போதும் ஒரு தயக்கம் இருந்தது. "நீ உன்ற மனசுல சொல்லலைதானே கண்ணு?" என்று கடைசிக் காலத்தில்கூடக் கேட்டாள். ஏழு வருஷம் நம்பியதை அவளால் முழுக்கக் கழற்றிப் போட முடியவில்லை. இதற்காக மதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

சமையல் சிஸ்டரைத் தேடினேன். பவானியிலிருந்து எப்போதோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று சொல்ல மறுத்தார்கள். சில வருஷம் கழித்து, காரமடைத் தேர்த் திருவிழா நோட்டீஸ் கட்டுகளை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, சாம்பார் ஊத்தட்டுங்களா?"

திரும்பிப் பார்த்தேன். சாயச் சேலை, நரைத்த கொண்டை, அதே கைகள். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நாப்பத்தேழு" என்றார்.

கூட்டம் குறைந்த பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நாலு மாசமாச் சேத்து வெச்சேன். உன்ற அம்மா மட்டுமில்ல. இன்னும் நாலு பிள்ளைகளோட ஆத்தாமாருங்க பின்வாசலுக்கு வந்துட்டிருந்தாங்க. உங்க கையில குடுத்தா வாயி சும்மா இருக்காது. மதர் மோப்பம் புடிச்சிருவா. பெரிய மதர் வந்தா, அவுங்க முன்னால அந்த டின்னைக் கவுத்து, 'இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயி இருக்கா, வந்துட்டேதான் இருக்கா'ன்னு காட்டலாம்னு இருந்தேன். எனக்கு இங்கிலீசு வராது. பொருளைப் பாத்தாப் புரிஞ்சுக்குவாங்கல்ல? அன்னிக்குக் காத்தால நீ முந்திட்டே."

"மன்னிச்சிருங்க சிஸ்டர்."

"சிஸ்டர்ங்காத. அதையும் நீதான் என்னை விட்டு உருவிப்போட்டே. திருடின்னு பேரோட அந்த அங்கிக்குள்ள மூணு வருசம் இருந்து பாத்தேன். முடியல." இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "மன்னிக்க மாட்டேன் கண்ணு. சோறு போடுவேன். தின்னு."

இருபது வருஷம் அந்த மெஸ்ஸுக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் சோறு போட்டார். ஒரு தடவையும் மன்னிக்கவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. சாவதற்குச் சில மாதம் முன்பு படுக்கையிலிருந்து ஒன்று சொன்னார்:

"அன்னிக்கு நான் அத்தனை பேசுனேன். அவ ஒத்தை வரியில திருப்பிச் சொன்னா. அந்த வரி என்னன்னு மட்டும் என்னிக்காச்சும் அவகிட்டக் கேளு."

கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், மதர் என்ற சொல்லைக் கேட்டாலே அறுபது வயதிலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். பிறகு இந்த வருஷம் அச்சக முதலாளி கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்றவள்தான். ஆனால் சபையின் வரலாற்றுப் புத்தகம், பிழையே இருக்கக் கூடாது, நீங்களே பார்த்துக் கொடுங்கள் அக்கா என்றார்.

பார்த்தேன். பிளேக், கடல், குழந்தை, எல்லாம் இருந்தது. நம் இல்லத்தின் அத்தியாயத்தில் மதருக்கு ஒரு முழுப் பக்கம், படத்தோடு. 'கருணையின் உருவம். தாயற்றோர்க்கெல்லாம் தாயானவர்.' சமையல் சிஸ்டரைத் தேடினேன். சமையலறையின் புதிய கட்டிடத்தைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அவர் இல்லை. விட்டுப் போனவர்களைச் சேர்ப்பதில்லை என்றார், புத்தகத்துக்குப் பொறுப்பான இளம் சிஸ்டர். நல்ல பெண். முப்பது வயதிருக்கும். நானும் அந்த இல்லத்துப் பிள்ளைதான் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மதர் இன்னும் இருக்காங்க அக்கா. தொண்ணூறு தாண்டியாச்சு. கண்ணு சுத்தமாத் தெரியாது, ஆனா மூளை கத்தி மாதிரி. வந்து பாருங்களேன், சந்தோசப்படுவாங்க."

மதரின் பக்கத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போனேன். வயதான கன்னியாஸ்திரீகள் இருக்கும் வீட்டின் வராந்தாவில், சக்கர நாற்காலியில், ஜெபமாலையோடு இருந்தார். நம்பரைச் சொன்னேன்.

"முத்து முத்தான கையெழுத்து" என்றார் உடனே. "என்ன செய்கிறாய்?"

"புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன், மதர்."

"பார்த்தாயா. உன்னை அனுப்பியிருந்தால் தேயிலை பறித்துக்கொண்டிருப்பாய்."

அவரே ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கேட்பது சுலபமாயிற்று.

"எங்கம்மா எத்தனை தடவை வந்தாங்க, மதர்?"

"ஐந்து" என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஐந்தாவது தடவை அந்த ஆளோடு. வயதுக்கு வரப்போகும் பெண்பிள்ளையை யாரோ ஓர் ஆண்பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாயா? அப்படி அனுப்பி, சீரழிந்து திரும்பி வந்த இரண்டு பிள்ளைகளை இந்தக் கையால் குளிப்பாட்டியிருக்கிறேன்."

"அவர் நல்லவர் மதர்."

"எனக்கு அது எப்படித் தெரியும்?"

"கதவைத் திறந்து பேசியிருக்கலாமே."

ஜெபமாலை நகர்ந்தது. நான் அடுத்ததைக் கேட்டேன்.

"சமையல் சிஸ்டர் அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசினாங்க. பெரிய மதர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள்' என்றேன்." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அவள் கீழ்ப்படியாதவள். அது குற்றம்தானே? தவிர, அவளை அனுப்பியது நான் இல்லை, பிள்ளை. எழுந்து நின்று சொன்னது நீ. நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. இத்தனை வருஷம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் சொன்னார். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு குளிர்ச்சி வந்தது. மன்னிப்புக் கேட்டு என் கையைக் கட்டிவிடுவாரோ என்ற பயத்தோடுதான் அந்த வீட்டுப் படியேறியிருந்தேன். அந்தப் பயம் தீர்ந்தது.

அவரே கேட்டார். "புத்தகத்தில் எனக்கு ஒரு பக்கம் வருவதாகச் சொன்னார்கள். கொண்டுவந்திருக்கிறாயா? வாசி, கேட்போம்."

பக்கத்தை எடுத்து மடியில் விரித்தேன். 'கருணையின் உருவம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அச்சுத் தமிழில், விழா மலருக்கே உரிய நடையில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"மதர் அவர்கள் தமது பொறுப்புக் காலத்தில், பிள்ளைகளைக் காண வந்த தாய்மார்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். தாய் வரவில்லை என்று பிள்ளையிடமும், பிள்ளை உன்னை வேண்டாமென்கிறது என்று தாயிடமும் கூறினார். அவர்கள் எழுதிய கடிதங்களை வெந்நீர் அடுப்பில் இட்டார். இதனை எதிர்த்து நின்ற ஒரே சகோதரி, சமையற்கூடத்தில் பணிபுரிந்தவர். அவரது வாக்குமூலத்தை மதர் அவர்கள் பொய்யாக மொழிபெயர்த்து, திருடி என்ற பழியுடன் வெளியேற்றினார்."

ஜெபமாலை நின்றுவிட்டது. பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நின்ற இளம் சிஸ்டர் என் மடியிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இதை யார் எழுதியது?" என்றார் மதர்.

"பெயர் போடவில்லை, மதர்."

"எல்லா இல்லங்களுக்கும் போகுமா?"

"எல்லா இல்லங்களுக்கும் போகும்."

"எடுத்துவிடச் சொல்."

"அச்சாகிவிட்டது, மதர்."

மெல்லிய உதடுகள் திறந்து மூடின. தொண்ணூறு வயதில் அவர் முதல்முறையாக என்னிடம் ஏதோ கேட்கப்போகிறவர் போல இருந்தது. கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

வாசல் வரைக்கும் இளம் சிஸ்டர் கூடவே வந்தார். செருப்பை மாட்டும்போது தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, அந்தப் பக்கத்துல அப்படி இல்லீங்களே."

"இல்லை."

"அத்தனையும் நிஜமுங்களா?"

"ஒரு வரிகூடச் சேர்க்கலை."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு மறுபடியும் என்னை வாசிக்கச் சொல்லுவாங்க. தெனமும் சொல்லுவாங்க. ஒரே மாதிரி வரணுமுங்க. நீங்க சொன்னதை எழுதிக் கொடுத்துட்டுப் போறீங்களா?"

வராந்தாத் தூணில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புத்தகம் உங்களுக்கும் வந்து சேரும். அதில் மதரின் பக்கத்தில் பிழை ஒன்றுகூட இருக்காது. நானே திருத்தினேன். நான் வாசித்தது அதில் இருக்காது, தேடாதீர்கள். பழைய பாசத்தில் மதரைப் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்தில் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறதா என்று உங்களிடமும் கேட்பார். ஆமாம் மதர் என்று சொல்லுங்கள்.